குவாங்சோவில் மரமேறிய ஷூ

துபாய் தேராவில் நான் வேலை பார்த்த கடையில், சீனாவிலிருந்து வராதது என்று பார்த்தால் முதலாளியும் நானும்தான். பிளாஸ்டிக் பூங்கொத்து, தங்கநிறச் சுவர்க்கடிகாரம், ரோஜாப்பூ போட்ட பிளாஸ்க், பாங்கு சொல்லும் அலாரம் எல்லாமே அங்கிருந்து கப்பலேறி வருபவை. அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பிரித்தே சீனாவைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. ரூமில் என்னோடு இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் திருவாரூர்ப் பக்கத்து ஏசி மெக்கானிக், இன்னொருவர் புதுக்கோட்டைக் கொத்தனார். சோறு வேகும் நேரமெல்லாம் இருவருக்கும் சீனாவைப் பற்றி வகுப்பெடுப்பேன். சீனாக்காரர்கள் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார்கள் என்று ஒருநாள் அடித்துவிட்டேன். அது உண்மைதான் என்று பின்னால் தெரிந்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

முதலாளியும் என்னைப்போல் கீழக்கரைதான். எங்கள் ஊர் வழக்கப்படி, அண்ணனைக் கூப்பிடுவதுபோல், காக்கா என்றுதான் கூப்பிடுவேன். வருடா வருடம் சீனாவுக்குத் தனியாகப் போய்ச் சரக்கெடுத்து வருபவர், அந்த வருடம் முட்டிவலி என்று பெட்டி தூக்க என்னையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். பெட்டி தூக்குவதை ரூமில் ‘பர்ச்சேஸ்’ என்று சொல்லிவைத்தேன்.

கொத்தனார் அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப அந்தப் பெருஞ்சுவர் மேல நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துருங்க பாய். கல்ல எப்புடி அடுக்கியிருக்கான்னு பாக்கணும்.”

“அதுக்கென்ன, போற வழிதானே” என்றேன்.

குவாங்சோவில் இறங்கியதிலிருந்து சந்தை, கிடங்கு, ஹோட்டல் அறை என்றே பொழுது போனது. சாப்பாட்டுக்கு, அரபு வியாபாரிகள் கூடும் தெரு ஒன்று இருந்தது. அங்கே காக்காவுக்குப் பழக்கமான கடையில் வேளா வேளைக்கு குப்பூஸ் ரொட்டியும் சுட்ட கோழியும். பக்கத்து மேசையில் ஷார்ஜாக்காரர், எதிர்மேசையில் குவைத்காரர். இத்தனை தூரம் பறந்துவந்து, சீனாவுக்குள் துபாயைத் தேடிப்பிடித்து அதற்குள்ளேயே குடியிருந்தோம். காக்காவிடம் ஒருமுறை, “இந்த ஊர்ச் சாப்பாடு கொஞ்சம் பாப்போமா?” என்று கேட்டேன். “எதுல எதப் போட்டிருப்பான்னு யாருக்குத் தெரியும்? வாய மூடிக்கிட்டு கோழியத் தின்னு” என்றார்.

திரும்புவதற்கு முந்தின நாள் காலையில் காக்காவால் கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை. வேலையும் முடிந்திருந்தது. முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “நீ அங்கிட்டு இங்கிட்டு போயி ஊரப் பாத்துட்டு வா. தொலஞ்சு கிலஞ்சு போயிராத. ஒன் உம்மாவுக்கு என்னால பதில் சொல்ல முடியாது.”

ஊர் பார்க்க நான் உடுத்திக்கொண்டு கிளம்பியதைச் சொல்லவேண்டும். கோட்டு. எலாஸ்டிக் வைத்த, முடிச்சு போட்டே விற்கிற டை. அப்புறம் ஷூ. கிளம்புவதற்கு முன் துபாயில் நாயிஃப் சந்தைப் பக்கத்தில் தள்ளுபடியில் வாங்கியது. என் அளவு தீர்ந்துபோனதால் பெரிய அளவில் எடுத்து, முன்பக்கம் அரபுப் பத்திரிகைத் தாளைச் சுருட்டி அடைத்திருந்தேன். துபாயிலிருந்து வந்த பர்ச்சேஸ் மேனேஜர் என்று சீனர்கள் என்னைப் பார்த்ததும் புரிந்துகொள்ளவேண்டும் என்பது திட்டம்.

ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண்ணுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். அவளிடம் போய், “கிரேட் வால். டாக்ஸி” என்றேன், அப்ரா படகேறி எதிர்க்கரை பர்துபாய்க்குப் போகிறவன் மாதிரி.

அவள் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். “கிரேட் வால், பெய்ஜிங்” என்றாள். பிறகு, புரியாதவனுக்குப் புரியவேண்டுமே என்று, உள்ளங்கையைக் கவிழ்த்து விமானம் மாதிரி மேலே பறக்கவிட்டாள். அந்தக் கை மேசையைத் தாண்டி, தொலைபேசியைத் தாண்டி, பூச்சாடியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் இருக்கிற தூரம் என்று நான் நினைத்திருந்தது, துபாய்க்கும் கீழக்கரைக்கும் பக்கமாக வரும்போல.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது. “பார்க். ஓல்டு வால். ஸ்மால் வால். ஓகே?” என்றாள்.

“ஓகே” என்றேன். சுவர் சுவர்தானே.

அவள் ஒரு துண்டுச்சீட்டில் சீன எழுத்தில் பூங்காவின் பெயரை எழுதிக் கொடுத்தாள். டாக்ஸிக்காரர் அதைப் பார்த்துத் தலையாட்டிக் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

ஊர் நடுவில் குன்றும் குளமுமாக அப்படி ஒரு பெரிய பூங்கா. வேலை நாள் காலையில் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். பார்த்தால் பென்ஷன் வாங்கும் வயதுக்காரர்கள் மொத்தப்பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவர் மரத்தில் முதுகை மோதிக்கொண்டிருந்தார். இன்னொருவர் பின்பக்கமாக நடந்து போய்க்கொண்டிருந்தார், ஒருவர் மீதும் இடிக்காமல். முன்பக்கமாக நடந்த நான்தான் இரண்டு பேர் மேல் இடித்தேன். கூண்டோடு வந்திருந்த குருவிகளைக் கிளையில் மாட்டிவிட்டு அவற்றின் சொந்தக்காரர்கள் கீழே சீட்டாடினார்கள். ஒருவர் தண்ணீரில் நனைத்த பெரிய தூரிகையால் தரையில் அழகாக எழுதிக்கொண்டே போனார். அவர் கடைசி எழுத்தை முடிக்கும்போது முதல் எழுத்து காய்ந்து மறைந்திருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சுவரையும் கண்டுபிடித்தேன். பழைய கோட்டைச்சுவரின் மிச்சம். செங்கல்லைக் கவ்விக்கொண்டு ஆலமரத்து வேர்கள் கீழே இறங்கியிருந்தன. உண்மையில் அழகான சுவர்தான். ஆனால் புதுக்கோட்டைக் கொத்தனாரை மயக்கும் அளவுக்கு உயரம் போதாது. அங்கே விசிறி நடனம் ஆடிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவரிடம் காக்காவின் டிஜிட்டல் கேமராவை நீட்டினேன். அறுபது வயதிருக்கும் அவருக்கு. குட்டை முடி, பூப்போட்ட சட்டை, குரல் மட்டும் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கூவுகிறவரின் குரல். கீழே உட்கார்ந்து எடுத்தால் சுவர் பெரிதாகத் தெரியும் என்று சைகையில் சொன்னேன். அவர் புரிந்துகொண்டு தரையில் மல்லாந்து படுத்தே எடுத்தார். படத்தில் சுவர் வானத்தை முட்டியது. என் மூக்கின் இரண்டு துவாரங்களும் அதே அளவு கம்பீரமாக விழுந்திருந்தன. என் முதுகுக்குப் பின்னால் சிவப்பு விசிறியோடு நாலைந்து பேர் ஆடுவதை நான் கவனிக்கவில்லை. துபாய் திரும்பியதும் ரூமில் அதைப் பார்த்த மெக்கானிக், “பெருஞ்சுவத்துல டூட்டி பாக்குறவங்களா பாய் இவங்க?” என்று கேட்டார். கொத்தனார் கல்லை உற்றுப் பார்த்துவிட்டு, “இது கைப்புடிச் சுவரு மாதிரில்ல இருக்கு” என்றதோடு சரி, எனக்காக அதற்குமேல் கேட்கவில்லை.

படம் எடுத்த கையோடு நான் போயிருக்கலாம். ஆனால் பக்கத்தில் ஒரு கூட்டம் வட்டமாக நின்று, அடியில் தகடு வைத்துக் கட்டிய இறகுக்கொத்து ஒன்றைக் காலால் எத்தி எத்தி விளையாடிக்கொண்டிருந்தது. கீழே விழாமல் காலுக்குக் கால் போகவேண்டும். எல்லோருக்கும் என் வாப்பா வயது. குதிங்காலால் முதுகுக்குப் பின்னாலேயே எத்துகிறார்கள். நான் நின்று பார்ப்பதைக் கண்டதும், பூப்போட்ட சட்டை அம்மா என் முழங்கையைப் பிடித்து வட்டத்துக்குள் தள்ளிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் நான் பந்து நன்றாக உதைப்பேன் என்பது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். இறகு என்னை நோக்கி வந்தது. துபாயின் மானம் என் வலதுகாலில் இருப்பதாக நினைத்து உதைத்தேன். இறகு என் காலடியிலேயே விழுந்தது. ஷூ போய்விட்டது.

அது மேலே போவதை எல்லோரும் பார்த்தோம். சுவரையும் தாண்டி, ஆலமரத்தின் கிளைக்கவட்டில் போய்ச் சொருகி உட்கார்ந்துகொண்டது. பிறகு மரத்தில் முதுகு மோதிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டுச் சிரித்தார். என் சாக்ஸில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் கூட்டத்துக்கு வேறு வேலை இல்லை என்பது என் அதிர்ஷ்டமா துரதிர்ஷ்டமா தெரியாது. ஒருவர் தன் பேட்மின்டன் மட்டையை ஷூவைக் குறிபார்த்து எறிந்தார். மட்டை மாட்டிக்கொண்டது. மட்டையை விழத்தட்ட இன்னொருவர் குடையை எறிந்தார். குடை அதற்கும் மேலே போய் மாட்டி, மெதுவாக விரிந்தது. மூன்றாமவர் தன் ஷூவைக் கழற்றத் தொடங்கியபோது அவர் மனைவி பிடுங்கிக்கொண்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் எனக்கு யோசனை சொன்னார்கள். நான் ஆங்கிலத்தில் பதில் சொல்லிப் பார்த்தேன், அரபியில் சொன்னேன், “பாய், ஏக் மினிட்” என்று இந்தியிலும் சொன்னேன். கல்ஃபில் மனிதன் பிழைக்க இந்த மூன்றும் போதும். இங்கே மூன்றும் ஒரே மாதிரி செல்லாமல் போயின. எப்படியும் புரியப்போவதில்லை என்றால் சுகமான மொழியிலேயே பேசலாமே என்று தமிழுக்கு வந்துவிட்டேன்.

“விடுங்க லாத்தா, சனியன் போனாப் போகுது” என்றேன் பூப்போட்ட சட்டைக்காரரிடம். எங்கள் ஊரில் அக்காவை லாத்தா என்போம். அவர் சீனத்தில் நீளமாக ஏதோ சொல்லி என் முதுகில் தட்டினார். அன்றைக்கு முழுவதும் எங்களுக்குள் பேச்சு இப்படித்தான் நடந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஒரு தடங்கலும் வரவில்லை.

கடைசியில் பூங்காத் தோட்டக்காரர் ஏணியோடு வந்தார். வந்தவர் முதலில் ஏணியைச் சாத்தவில்லை, எங்களை வரிசையாக நிற்கவைத்துத் திட்டினார். அத்தனை பெரியவர்களும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். நானும் ஒற்றை ஷூவோடு குனிந்து நின்றேன். பிறகு ஏறி ஒவ்வொன்றாகக் கீழே போட்டார். என் ஷூ விழுந்தபோது அடிப்பாகம் தவளையின் வாய் மாதிரித் திறந்துகொண்டது. உள்ளே அடைத்திருந்த பத்திரிகைத் தாளும் தனியாக வந்து விழுந்தது. அதில் அரபு எழுத்தைப் பார்த்த ஒருவர் ஏதோ முக்கியமான காகிதம் என்று நினைத்துக்கொண்டார். நன்றாக நீவி மடித்து, இரண்டு கையாலும் மரியாதையாக என்னிடம் நீட்டினார். நானும் அதை மரியாதையாக வாங்கிக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

லாத்தா என் ஷூவை வாங்கி வாயை மூடித் திறந்து பார்த்தார். வா என்று கையசைத்துவிட்டு முன்னால் நடந்தார். பூங்காவுக்கு வெளியே, பெரிய சாலையிலிருந்து பிரிந்த ஒரு சந்து. நான் வாய் பிளந்த ஷூவை மாட்டிக்கொண்டு, டப் டப் என்று தரையைக் கொத்தியபடி பின்னால் போனேன். சந்தின் முனையில் தையல் மிஷின் மாதிரி ஒரு கருவியோடு செருப்புத் தைப்பவர் உட்கார்ந்திருந்தார். ஷூவைக் கழற்றி வாங்கி அவரிடம் கொடுத்து லாத்தா என்னவோ சொல்ல, அவர் மரத்தைப் பார்ப்பதுபோல் மேலே பார்த்துவிட்டுச் சிரித்தார். ஷூ பசை காய நேரமாகும் என்று புரிந்தது. லாத்தா அந்தச் சந்திலேயே இருந்த தன் வீட்டுக்குள் போய்க் கணவருடைய ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து போட்டார். அதில் என் பாதம் முக்கால்வாசிதான் பிடித்தது.

கோட்டு, டை, குதிங்கால் வெளியே தொங்கும் செருப்பு. அந்தக் கோலத்தில் அவரோடு காய்கறி வாங்கப் போனேன். பையை என்னிடம் கொடுத்துவிட்டார். பெட்டி தூக்க வந்தவனுக்குப் பை தூக்குவது ஒன்றும் புதிதில்லை. உயிரோடு துள்ளும் மீன், தொட்டியில் தவளை, பெயர் தெரியாத பத்து விதக் கீரை. லாத்தா ஒவ்வொரு கீரையின் தண்டையும் ஒடித்துப் பார்த்து, கடைக்காரரிடம் சண்டை போட்டு, இரண்டு கொத்து வெங்காயத்தாளைச் சும்மா பிடுங்கிப் பையில் போட்டார். வழியில் கண்டவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிக் கதை சொன்னார். காலைத் தூக்கி உதைப்பதும், கையை மேலே நீட்டுவதும், எல்லோரும் சிரிப்பதுமாகக் கதை வளர்ந்துகொண்டே போனது. கடைசியாகச் சொன்னபோது மரம் கட்டிட உயரத்துக்கு வந்திருந்தது.

வீட்டு வாசல்கள் திறந்தே கிடந்தன. நான் உள்ளே பார்த்துக்கொண்டே நடந்தேன். மடக்கு மேசை, மூங்கில் நாற்காலி, கம்பில் காயும் துணி, மூடி போட்ட தேநீர்க் கோப்பை. நாங்கள் பெட்டி பெட்டியாக வாங்கி விற்கும் தங்கநிறக் கடிகாரம் ஒரு வீட்டிலும் இல்லை. ரோஜாப்பூ பிளாஸ்க் இல்லை. பிளாஸ்டிக் பூங்கொத்து இல்லை. ஜன்னலில் இருந்தவை நிஜச் செடிகள். சீனாவின் வீடுகளெல்லாம் எங்கள் கடை மாதிரியே மின்னும் என்று ரூமில் நான் எடுத்த வகுப்பு ஞாபகம் வந்தது. அந்தச் சாமானையெல்லாம் அவர்கள் செய்வது எங்களுக்காகத்தான். எங்கள் ரசனையைப் பற்றி அவர்கள் என்ன நினைத்துக்கொண்டிருப்பார்கள்!

வீட்டு வாசலில் என்னை ஒரு குட்டி ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு லாத்தா அடுப்பைப் பற்றவைத்தார். சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்பது விளங்கியது. எனக்குப் பயம் பிடித்தது. ஹலாலுக்குச் சீனத்தில் ஒரு சொல் உண்டென்று காக்கா சொல்லித் தந்திருந்தார். அதைச் சொன்னேன். அவர் ஒரு தம்ளர் சுடுதண்ணீர் கொண்டுவந்தார். வேறு ராகத்தில் சொன்னேன். விசிறி கொடுத்தார். இனி நடிப்புதான் வழி என்று தீர்மானித்தேன். மூக்கை விரலால் மேலே தள்ளி, உர் உர் என்று பன்றி மாதிரி உறுமி, வேண்டாம் என்று கையை ஆட்டினேன். உறுமியதை நன்றாகவே செய்தேன்போல. ஆட்டிய கையைத்தான் யாரும் கவனிக்கவில்லை. லாத்தா முகம் மலர்ந்து, பணப்பையை எடுத்துக்கொண்டு ஓடினார். திரும்பி வரும்போது அவர் கையில் தொங்கியது, நல்ல கொழுப்போடு ஒரு முழத்துக்கு இருக்கும்.

“ஐயோ லாத்தா, அது வேணாம்! அதத்தான் வேணாங்குறேன்!” என்று அலறினேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் கூடிவிட்டார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. வேறு வழி தெரியாமல் எழுந்து, தொழுகையில் செய்வதுபோல் இரண்டு கையையும் காதுவரை உயர்த்தித் தக்பீர் கட்டி, குனிந்து ருகூவும் செய்து காட்டினேன்.

“ஆ!” என்று ஒரு கிழவர் தொடையில் தட்டினார். அவர் சொன்ன சொல், காக்கா சொல்லித் தந்த அதே சொல்தான். ராகம்தான் வேறு. லாத்தா தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். கறியைப் பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்துவிட்டு, அடுப்பை அணைத்து, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இரண்டு சந்து தள்ளி ஒரு சின்னக் கடை. பச்சைப் பலகையில் அரபு எழுத்தில் ஹலால். உள்ளே வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் மாவை வடம் போல் இழுத்து, மடித்து, மேசையில் அறைந்து, நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“அஸ்ஸலாமு அலைக்கும்” என்றேன்.

“வ அலைக்குமுஸ்ஸலாம்” என்று மாவோடு நிமிர்ந்தார். கல்லாவில் இருந்த அவருடைய தகப்பனார் எழுந்தே வந்துவிட்டார். காலையிலிருந்து முதன்முறையாக ஒரு வார்த்தை போய்ச் சேர்ந்த சந்தோஷத்தில் எனக்கு மடை திறந்துகொண்டது. தேராவில் கற்ற அரபியையெல்லாம் கொட்டினேன். கைஃப ஹாலக், கம், கலாஸ், மாஃபி முஷ்கிலா: நலமா, எவ்வளவு, முடிந்தது, பிரச்சினையில்லை. பெரியவர் மலர்ந்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த அரபி குர்ஆன் ஓதும் அரபி. என்னுடையது பிளாஸ்க் விற்கும் அரபி. ஆனால் “துபாய்” என்றதும் அவருக்குப் புரிந்தது. “துபாய்! துபாய்!” என்று உள்ளே பார்த்துச் சொன்னார். சமையல்கட்டிலிருந்து இரண்டு பேர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

மதியத் தொழுகையான லுஹர் நேரம். கடைக்குப் பின்னால் ஓர் அறையில் பாய் விரித்திருந்தார்கள். முகம் கைகால் கழுவி ஒளூ செய்துவிட்டுப் போய்ப் பின்வரிசையில் நின்றேன். பெரியவர் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். நான் அவரைத் தள்ளினேன். அவர் மறுபடி தள்ளினார். அரபு நாட்டிலிருந்து வந்தவன் நிற்க, தான் தொழவைப்பதா என்பது அவர் முகத்தில் இருந்தது. நான் பள்ளிவாசலில் எப்போதும் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவன், தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும் முதலில் வெளியேற வசதியாக. கோட்டும் டையுமாக முன்னால் போய் நின்றேன். லுஹருக்கு நாலு ரக்அத், அதாவது நாலு சுற்று, ஒன்றிலும் சத்தமாக ஓத வேண்டியதில்லை. அல்லாஹ் அந்தமட்டில் என் மானத்தைக் காப்பாற்றினான். ஆனாலும் அன்றுபோல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நான் தொழுதது அதற்கு முன்பு எப்போது என்று எனக்கு நினைவில்லை. முடித்துத் திரும்பியபோது அவர்கள் உட்கார்ந்திருந்த அமைதியைப் பார்த்துக் கொஞ்ச நேரம் என்னால் எழ முடியவில்லை.

வெளியே லாத்தா, நான் கையோடு தூக்கிவந்துவிட்ட காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இருவரும் சாப்பிட்டோம். மாட்டெலும்புக் குழம்பில் நூடுல்ஸ், மேலே கொத்தமல்லி, எண்ணெயில் மிதக்கும் மிளகாய். குச்சியால் அள்ள அள்ள அது வழுக்கிக்கொண்டு என் டையில் போய் உட்கார்ந்தது. லாத்தா பொறுத்துப் பார்த்துவிட்டு, டையைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். எலாஸ்டிக் நீண்டு, விட்டதும் டப்பென்று என் கழுத்தில் அடித்தது. அவருக்கு அது மிகவும் பிடித்துப்போய் இன்னொரு தடவையும் இழுத்தார்.

தைத்த ஷூவைத் திரும்ப வாங்கிப் போட்டபோது அது காலுக்குக் கச்சிதமாக இருந்தது. தைத்தவர் உள்ளே தடித்த அட்டை ஒன்றை வெட்டி வைத்திருந்தார். லாத்தா டாக்ஸிக்காரரிடம் என் பையிலிருந்த ஹோட்டல் அட்டையைக் காட்டி, என்னைப் பத்திரமாக இறக்கிவிடச் சொல்லி மிரட்டிவிட்டு, கதவை அறைந்து சாத்தினார். நான் “வர்றேன் லாத்தா” என்றேன். அவரும் ஏதோ சொன்னார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என் வாயில் அது வேறு ஏதோவாகத்தான் ஆகியிருக்கும்.

காக்காவுக்கு அந்த நூடுல்ஸ் கடையிலிருந்து ஒரு பார்சல் வாங்கி வந்திருந்தேன். முதலில் சந்தேகமாகப் பார்த்தார். பச்சைப் பலகை, வெள்ளைத் தொப்பி எல்லாம் சொன்னபிறகு ஒரு வாய் வைத்தார். ஊறிப்போய்க் கூழாகியிருந்ததைக் கடைசிச் சொட்டுவரை வழித்துவிட்டு, “இத மொத நாளே கண்டுபுடிக்க ஒனக்கு என்ன கேடு?” என்றார். மறுநாள் விமானத்துக்குப் போகும் வழியில் அந்தக் கடைக்குப் போகவேண்டும் என்று அடம் பிடித்தார். முட்டிவலி போன இடம் தெரியவில்லை.

காலையில் பெட்டிகளோடு போய் இறங்கினோம். பெரியவர் என்னைப் பார்த்ததும் கல்லாவைவிட்டு எழுந்தார். நெஞ்சில் கைவைத்து, “இமாம்!” என்றார். சமையல்கட்டிலிருந்தும் “இமாம், இமாம்” என்று குரல் வந்தது. காக்கா வாயில் வைத்த நூடுல்ஸ் பாதி உள்ளே பாதி வெளியே நின்றது. பெரியவர் காக்காவைப் பெட்டி தூக்க வந்தவர் என்று நினைத்துக்கொண்டு, நல்ல எலும்பையெல்லாம் என் கிண்ணத்தில் போட்டார்.

விமானம் மேலெழும்பியது. காக்கா பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“எத்தன ரக்அத் தொழவச்ச?”

“நாலு, காக்கா.”

“கணக்கு சரியாத்தானே இருந்துச்சு?”

“சரியாத்தான் இருந்துச்சு.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “அப்பச் சரி” என்று கண்ணை மூடிக்கொண்டார். சற்று நேரம் கழித்து, அவர் கண்ணைத் திறக்காமலேயே வயிறு குலுங்கச் சிரிப்பது தெரிந்தது. நானும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன்.